வலசைக் குரல்கள்

காலை ஆறேகால். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் அவன் மனைவியின் கைப்பேசியை எடுத்தான்.

அது சமையலறை மேசைமேல், பைனாகுலருக்குப் பக்கத்தில் கிடந்தது.

பூட்டு எண்ணை அவள் மாற்றவில்லை. மகளின் பிறந்தநாளேதான். அதுவும் அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

இலை உதிரத் தொடங்கியதிலிருந்து இந்தக் கூத்து. கோழியைத் தவிர வேறு பறவையை ஏறெடுத்தும் பார்க்காதவள், இருட்டு பிரியுமுன்பே எழுந்து கொல்லைப்புறம் போய்விடுகிறாள். குளிருக்குப் பயந்து வடக்கிலிருந்து வரும் பறவைகளெல்லாம் இவர்கள் கொல்லை வழியாகத்தான் போகின்றனவாம்.

"கண்ணால பாக்குறது கஷ்டங்க. எல்லாம் இலைக்குள்ள ஒளிஞ்சுக்கும். குரலை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்."

அதற்காகக் கைப்பேசியில் பதிவு செய்கிறாளாம்.

பறவைகள் வந்து இறங்குவது கொல்லையின் கோடியில் இருக்கும் மல்பெரி மரத்தில். அவள் நிற்பதோ வீட்டுச் சுவரை ஒட்டி, பக்கத்து வீட்டு வேலியோரம். அங்கே பல்செட் செய்கிறவன் ஒருவன் தனியாக இருக்கிறான். எதற்கெடுத்தாலும் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான். தொழிலுக்கு விளம்பரம் போல.

நேற்று நேராகவே கேட்டுப் பார்த்தான்.

"மரம் அங்க இருக்கு. நீ ஏன் இங்க வந்து நிக்கிற?"

"இங்கதான் நல்லாக் கேக்குது."

பதிவுகளைத் திறந்தான். வாலாட்டி. தகைவிலான். ஈபிடிப்பான். ஒவ்வொன்றுக்கும் பறவைப் பெயர் போட்டு வைத்திருந்தாள். கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டான்.

ஒரே ஒரு குரல் கிடைத்தால் போதும். இருபது வருடக் குடித்தனத்தை இன்றோடு முடித்துக்கொள்ளலாம். தப்பு யார் பக்கம் என்று மகளே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

கதிர்க்குருவி என்றிருந்ததைத் தொட்டு, காதோடு வைத்துக்கொண்டான்.

காற்று. இலைகளின் சலசலப்பு. கல்லோடு கல்லைத் தட்டுவது போல, டிக், டிக் என்று ஒரு சின்னக் குரல்.

அதற்குப் பின்னால், வாளியில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம்.

தண்ணீருக்கு அடியில் ஓர் ஆண்குரல்.

மாட்டிக்கொண்டான் பல்செட்காரன். ஒலியைக் கூட்டினான்.

"போனை வச்சிடவா கண்ணு? அவ பின்னாடிதான் நிக்கிறா, குருவி பாத்துக்கிட்டு..."

அவனுடைய சொந்தக் குரல்.

குழாயைத் திறந்துவிட்டுப் பேசினால் வீட்டுக்குள் கேட்காது என்பது வரை யோசித்திருந்தான். குளியலறை ஜன்னல் கொல்லையைப் பார்த்துத் திறந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

குருவி இன்னும் இரண்டு முறை டிக் என்றது.

அப்போதுதான் கவனித்தான். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது.

மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தலைமுடி நனைந்திருக்கவில்லை. நேற்றுக் கட்டிய அதே சேலை.

"இன்னுங் கொஞ்சம் சத்தமா வைங்க. அவ பேரு மட்டும் எனக்குச் சரியாவே கேக்கல."