மாமி வந்த பல்கனி

ஒஸ்லோவில் காகத்துக்கு முதுகு சாம்பல் நிறம். அந்தக் காகமும் போயும் போயும் தர்மினியின் பல்கனியில்தான் இறங்கியது. மாமி செத்த பிறகு வந்த முதல் சித்திரா பௌர்ணமி அது, இறந்த தாய்மாருக்காக விரதம் பிடிக்கும் நாள். அண்ணன் தம்பி வீடுகள் அடுத்தடுத்து இருந்தன. இரண்டு மருமக்களும் விரதம் பிடித்து, ஆளுக்கொரு பல்கனியில் காகத்துக்குச் சோறு வைத்திருந்தார்கள். படுக்கையில் கிடந்த மாமியை வருடக்கணக்காகக் கழுவித் துடைத்தவள் மூத்தவள் யோகேஸ்வரி. இளையவள் தர்மினி, ஞாயிற்றுக்கிழமைகளில் கேக்கோடு வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போனவள்.

"அக்கா, இஞ்ச பாருங்கோ, மாமி வந்திட்டா!" தர்மினி தடுப்புக்கு அப்பால் நின்று கத்தினாள்.

"உனக்கென்ன, நீ குடுத்து வைச்சனி."

காகம் வாய் வைக்காமல் வீட்டில் யாரும் சாப்பிட முடியாது. உள்ளே யோகேஸ்வரியின் கணவன் பசியில் செருமினான்.

"கோவிக்காதேங்கோ அக்கா. இது பழகின காகம். பனிக்காலம் முழுக்கப் பிள்ளையள் சொசேஜ் போட்டவை."

யோகேஸ்வரி உள்ளே போனாள். அவள் பிள்ளைகளின் சொசேஜும் ஃபிரிட்ஜின் அடித்தட்டில் இருந்தது. மாமி வாழ்நாளில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொட்டதில்லை. வாசம் பட்டாலே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். யோகேஸ்வரி ஒன்றை எடுத்து நறுக்கி, விரதச் சோற்றின் உச்சியில் வைத்தாள். பிறகு பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில் கூப்பிட்டாள்.

"வாங்கோ மாமி."