காயாத கை

தேவாலயத்தின் சன்னல்களில் ஆர்கிரிஸ் வெள்ளைத் துணி கட்டியிருப்பதால், ஏஜியன் கடலின் முரட்டு வெயில் உள்ளே பாலாய்த் தணிந்து நிற்கிறது. உப்புக்காற்றில் உதிரத் தொடங்கிய, மரப்பலகையில் தீட்டிய மாதா படத்தை, அது முழுதும் போவதற்குள், கையிலுள்ள ஸ்கேனரால் அங்குலம் அங்குலமாக லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டிருக்கிறான். முகம் வந்துவிட்டது. மாதாவின் கைதான் வர மறுக்கிறது. திரையில் அந்த இடம் மட்டும் கறுப்பு ஓட்டை. ஈரம் மினுங்கினால் ஸ்கேனருக்குக் கண் கூசிவிடும். அவன் பஞ்சால் ஒற்றி எடுக்கிறான். அதற்குள் வாசலில் மீன்கூடையை இறக்கிவிட்டு ஸ்மாரோ வருகிறாள், சிலுவை போட்டுக்கொள்கிறாள், குனிந்து அதே கையில் முத்தமிடுகிறாள். “அக்கா, இப்பத்தான தொடச்சேன்! மத்தியானக் கப்பலைப் பிடிக்கணும் நான்.” “அதுக்காக உள்ள வந்தவ சும்மா போவாளா? கப்பலைக் கரை சேர்க்கறதே இந்த மாதாதான்டா.” அவன் சிரித்துக்கொண்டே மறுபடி ஒற்றுகிறான். இம்முறை வேறு யாரும் வந்துவிடாதபடி ஸ்மாரோவே வாசலை மறித்து நிற்கிறாள். ஸ்கேனரின் நீல வெளிச்சம் மெல்ல ஊர்ந்து முடிகிறது. முத்தங்களில் தேய்ந்து மரம் தெரியும் விரல்கள், பள்ளம் உட்பட, திரையில் நிறைகின்றன. அவள் எட்டிப் பார்க்கிறாள். “எல்லாம் சரிதான் தம்பி. ஆனா அவ கை இவ்வளவு காஞ்சு கெடந்து நான் பாத்ததே இல்ல.” துறையில் கப்பல் ஊதுகிறது. ஆர்கிரிஸ் பஞ்சைக் கீழே வைக்கிறான்; படத்தின் முன்னால் போய், காய்ந்திருக்கும் அந்தக் கைமேல் குனிகிறான்.