முன்னால் போகும் மஞ்சள் லாரி

தப்பாய்ச் சொல்லிவிடுவோமோ என்று பியூலாவுக்குப் பயம். சமாதானபுரத்தில் பஸ் ஏறியதிலிருந்து வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தாள். ஆற்றுப்பாலம் தாண்டும்போது பாதி மறந்துபோனது. நல்லவேளை, சர்ச் காணிக்கைக் கவரின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தாள்.

டவுண் தெற்கு ரத வீதியில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் கடை. மேஜையில் லேப்டாப்பை வைத்துவிட்டு, கவரைப் பார்த்தே வாசித்தாள்.

"கிராபிக்ஸ் கார்டு மாத்தணும், தம்பி. வெளையாடும்போது திக்குது."

கடைக்காரர் கணேஷ்ராம் லேப்டாப்பைக் குப்புறக் கவிழ்த்துப் பார்த்தார்.

"என்ன வெளையாட்டுக்கா?"

"லாரி ஓட்டுதது. ரெண்டு பேரு சேந்து ஓட்டுவாக. ஒருத்தர் முன்னால, ஒருத்தர் பின்னால."

பிரிண்டர் ரிப்பேருக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த கோமதிசங்கர் நிமிர்ந்தார். தாலுகா ஆபீசில் ரிட்டயர் ஆனவர்.

"ஏம்மா, வெளையாடுதது ஆரு? மகனா?"

"ஆமா சார். மகன்தான்."

"எத்தனாங் கிளாஸ்?"

"படிப்பு முடிஞ்சிட்டு. இருபத்தெட்டு வயசு."

"இருபத்தெட்டா! தெனமும் வெளையாடுதானோ?"

"சாயந்தரம் ஆறரையில இருந்து ஏழரை வரைக்கும். ஒருநா தவற மாட்டான்."

"வெளங்கும்! அவன் லாரி ஓட்டுததுக்கு நீ பஸ் ஏறி வந்திருக்க. ஒன்னைய மாதிரி அம்மைமாராலதான் பயலுவ உருப்படாமப் போறானுவ. என் வீட்டுலன்னா இதைத் தூக்கி ஆத்துல எறிஞ்சிருப்பேன்."

"சும்மா இருங்க அண்ணாச்சி. ஆத்துல ஏற்கெனவே குப்பை நெறையக் கெடக்கு" என்றார் கணேஷ்ராம்.

பியூலா கவரை நாலாக மடித்தாள். பிறகு பிரித்தாள்.

"மாத்த முடியாதுக்கா" என்றார் கணேஷ்ராம். "இதுல கார்டு தனியாக் கெடையாது. போர்டோட சேத்துப் பத்தவெச்சிருக்கு. நல்ல கார்டு வேணும்னா புது லேப்டாப்தான் வாங்கணும். ஒரு வெளையாட்டுக்காக அவ்வளவு செலவு தேவையான்னு யோசிச்சுக்கிடுங்க."

அவள் மேஜையை நெருங்கி நின்றாள்.

"நேத்து பாதி வழியில நின்னு போச்சு, தம்பி. கூட ஓட்டுத ஆளு சொல்லிட்டாக. இன்னைக்கும் திக்குனா வேற ஆளைச் சேத்துக்கிடுவாகளாம்."

"போனாப் போவட்டும்! அப்பமாது ஒழுங்கா வேலைவெட்டியப் பாப்பான்" என்றார் கோமதிசங்கர்.

"அப்படிச் சொல்லாதீங்க சார்" என்றாள் பியூலா.

கணேஷ்ராம் அவளை ஒருமுறை பார்த்தார். "ஒண்ணு செய்யலாம்க்கா. ராம் மெமரியக் கூட்டிப் போடுதேன். தூசி எடுத்து விடுதேன். படத்தோட தரத்தைக் கொறைச்சு வெப்போம். மரம், மழை, வானமெல்லாம் மங்கலாத் தெரியும். ஆனா திக்காது."

"முன்னால போற லாரி தெரியுமா?"

"எந்த லாரி?"

"மஞ்ச லாரி. அது தெரிஞ்சாப் போதும். வானம் வேண்டாம்."

கணேஷ்ராம் சிரித்துவிட்டார். "அது நல்லாத் தெரியும்."

"ஆறரைக்குள்ள வீட்டுல இருக்கணும்."

"அஞ்சுக்கே அனுப்பிருதேன்."

வேலை முடிந்து லேப்டாப்பை மூடும்போது, கணேஷ்ராம் ஹெட்போன் ஒன்றை எடுத்து வைத்தார். "இதையும் வாங்கிக்கிடுங்க. மைக்ல பேசிக்கிட்டே ஓட்டலாம்."

பியூலாவின் முகம் மாறியது.

"இதுல மைக் இருக்கா?"

"எல்லா லேப்டாப்புலயும் இருக்கும்க்கா. இந்தா, இந்தப் பொட்டு ஓட்டை."

"அதைக் கழட்டிருங்க, தம்பி."

"ஏன்? உங்க மகன் பேச மாட்டாரா?"

"அவன் பேசுவான். அவன் இருக்குதது புனேயில. அவன்கிட்ட வேற லேப்டாப் இருக்கு. இது இங்கன விட்டுட்டுப் போனது."

"அப்போ இதுல ஓட்டுதது?"

"நான்தான்."

கோமதிசங்கர் தன் பிரிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணப் பேச்சுல சண்டை போட்டுட்டுப் போனான். ரெண்டு வருசமா என் போனை எடுக்கதில்ல. எடுத்தாலும் நான் சும்மாவா இருப்பேன்? நச்சரிப்பேன். இங்கன இருக்கையில அவன் ஓட்டுததப் பின்னால நின்னு பாத்திருக்கேன். அதை வெச்சு நெட்டுல அவன் மஞ்ச லாரியத் தேடிப் பிடிச்சேன். பைய அது பின்னாலயே போவேன். பேரை எலியேசர்னு போட்டு வெச்சிருக்கேன். ஆரோ ஒரு அண்ணாச்சின்னு நெனைச்சுக்கிட்டிருக்கான். 'சாப்பிட்டியளா'ன்னு கேப்பான். நான் ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தட்டுவேன். என் சத்தம் மட்டும் ஒருதரம் கேட்டுட்டான்னா..."

கணேஷ்ராம் திருகாணிகளை மறுபடி கழற்றி, மைக் வயரை எடுத்துக் காட்டினார்.

அப்போதும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. பையில் கிடந்த பிளாஸ்திரியை எடுத்து, அந்தப் பொட்டு ஓட்டையின் மேல் ஒன்றுக்கு இரண்டாக ஒட்டி, நகத்தால் நன்றாய் அழுத்திவிட்டு, பஸ்ஸுக்கு ஓடினாள்.