மூளிக் காது

கோயில் படியேறி வந்த அழகம்மாளின் காதைப் பார்த்ததும் போதகர் முகம் மாறிவிட்டது.

தோளைத் தொடும் காது. போன வாரம் வரை அதில் தங்கத் தண்டட்டி ஆடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு வெறும் தோல் வளையம்தான் தொங்குகிறது.

புருஷன்காரன் கல்லுப்போல் உயிரோடு இருக்கிறான். ஆனாலும் கோச்சடையிலிருந்து பசுமலை வரை நடந்து வந்த வழியெல்லாம், தாலியறுத்தவள் காதுபோல் கிடந்த அந்த வெறுங்காதைப் பார்த்து, அவன் எப்போது செத்தான் என்று அவளைக் கேட்காத ஆளில்லை.

இன்றைக்கு உனக்கு ஞானஸ்நானம், நல்ல நாளும் அதுவுமாகக் காதை மூளியாக்கிக்கொண்டு வந்திருக்கிறாயே, யாரம்மா கழற்றச் சொன்னது என்று போதகர் கேட்டார். நம் சபையில் அப்படி ஒரு சட்டமே கிடையாதே என்றார்.

பக்கத்தில் நின்ற செல்லத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

சொன்னவள் அவள்தான். ஒரு வருஷமாகப் புதன்கிழமை தவறாமல் கோச்சடைக்குப் போய் அழகம்மாளுக்கு வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியம்மாள். பிறத்தியார் பொருளுக்கு ஆசைப்படாதே என்கிற வேதக் கட்டளையை, அந்தப் பத்தாம் கற்பனையை மட்டும் மூன்று புதன்கிழமை நீட்டி முழக்கியவள். நகையைக் கழற்றாமல் ஞானஸ்நானம் கிடையாது என்று போன புதன்கிழமை சொன்னதும் அதே வாய்தான்.

ஏன் சொன்னாள் என்பதை அவள் யாரிடமும் சொல்ல முடியாது.

சின்ன வயதில் அவளுக்கும் காது வளர்த்தார்கள். காதை இழுத்து நீட்டுகிற ஈயக் குணுக்கை மாட்டி, புண்ணாகி, சீழ் பிடித்து, அழுது அழுது காது தோளுக்கு வந்து சேர்ந்தது. தங்கம்தான் வரவில்லை. கல்யாணத்துக்கு வரும் என்றார்கள். தலைப்பிள்ளைக்கு வரும் என்றார்கள்.

வேதத்துக்கு வந்த பிறகு, மிஷன் ஆஸ்பத்திரித் துரைசானி அந்தக் காதை வெட்டித் தைத்துவிட்டாள். உலக ஆசையை விட்டவள் என்று சபையே மெச்சியது. விடுவதற்கு அவளிடம் என்ன இருந்தது?

அழகம்மாளின் தண்டட்டி தனக்கு வேண்டும் என்றுகூட அவள் நினைக்கவில்லை. அது அந்தக் காதில் ஆடக்கூடாது, அவ்வளவுதான்.

அழகம்மாள் ஒரு தரம் அவளைப் பார்த்துவிட்டுப் போதகரிடம் திரும்பினாள். "யாரும் சொல்லலங்கய்யா. நானாத்தான் கழட்டுனேன்."

போதகர் தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

தப்பித்தோம் என்று செல்லத்தாயின் மனசு ஒரு கணம் துள்ளியது. துள்ளியதை நினைத்து மறு கணமே கூனிக் குறுகிப் போனாள். எனக்காக ஏன் பொய் சொன்னாய் என்று தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"பொய்யில்லக்கா. அய்யா சம்சாரம் காதுல கம்மல் கெடக்குறது எனக்குத் தெரியாதா? சட்டமுன்னு நீங்க சொன்னத நான் நம்பல. படிச்சுக் காட்டையில உங்க கண்ணு எம்புட்டு நேரம் என் காதுலயே கெடந்துச்சுன்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். உங்களுக்கு எதுக்கு அம்புட்டுச் சங்கடமுன்னுதான் கழட்டிட்டேன்."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. காய்ச்சல்காரிக்குக் கஞ்சி நீட்டுகிறவள் பேசுவதுபோல்தான் பேசினாள். குத்திக்காட்டியிருந்தால் செல்லத்தாய் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியாவது தப்பித்திருப்பாள்.

உள்ளே பாட்டு முடிந்தது. இருவரும் முன்னால் போனார்கள். ஞானஸ்நானம் பெறுகிறவள் பக்கத்தில் நின்று, இவளுக்கு வேதம் கற்றுக்கொடுத்தது நான் என்று கற்றுக்கொடுத்தவள் தன் வாயால் சபைக்குச் சொல்வது அங்கே வழக்கம்.

அழகம்மாள் முழங்காலிட்டாள். போதகர் செல்லத்தாயைப் பார்த்தார். பாய்களில் உட்கார்ந்திருந்த சபை முழுக்கப் பார்த்தது.

செல்லத்தாய் வாயைத் திறந்தாள். அந்த ஒரு வரி வரவில்லை.