தானாகச் சுற்ற வேண்டிய ஃபேன்

ரேடியோவின் ஸ்விட்சை அணைத்தேன். யார் போட்டு வைத்ததென்று தெரியவில்லை, நான் இல்லை.

பல்பை அணைத்தேன். இஸ்திரிப்பெட்டியின் ஒயரைப் பிடுங்கினேன். டேபிள் ஃபேனின் ஸ்விட்சை மட்டும் போட்டு, அதன் முகத்தை என் மனைவி நீலாவதி காய் நறுக்க உட்காரும் மூலைக்குத் திருப்பினேன்.

ஃபேன் சுற்றவில்லை. கரண்ட் இன்னும் வரவில்லை.

அந்தமானின் இந்த மாயாபந்தரில் கரண்ட் சாயங்காலம்தான் வரும். வரும்போது எந்தெந்த ஸ்விட்ச் போட்டபடி கிடக்கிறதோ அதெல்லாம் தானாக எழுந்துகொள்ளும். எல்லாம் ஒரேயடியாக எழுந்தால் எங்கள் குவார்ட்டர்ஸ் பியூஸ் படுத்துவிடும். ஆகவே முதலில் யார் எழுந்திருப்பது என்று நான் முடிவு செய்வேன். ஆபீசில் எனக்கு இப்படி ஓர் அதிகாரம் கிடையாது.

இன்றைக்கு ஃபேன் ஒன்று எழுந்தால் போதும்.

நீலாவதி என்னோடு பேசி மூன்று நாளாகிறது.

தீவில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சம்மதமா என்று மேலதிகாரி கேட்டார். வழக்கம்போல் தலையாட்டினேன். வீட்டில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அந்தத் தலைக்குத் தோன்றவில்லை.

"ஆட்டின ஆளு ரெண்டு வருஷம் இருங்க. நான் வர்ற கப்பல்ல ஊருக்குப் போறேன்."

அதுதான் அவள் கடைசியாகப் பேசியது. கப்பல் நாளைக் காலையில்.

ஃபேனை நான் போட்டால் எழுந்து வந்து அணைத்துவிடுவாள். நேற்று அப்படித்தான் செய்தாள். கரண்டோடு சேர்ந்து அதுவாகச் சுற்றினால் யாரைக் கோபித்துக்கொள்வாள், பவர்ஹவுஸையா? காற்றுப் பட்டால் மனசு கொஞ்சம் இளகும். இளகின நேரம் பார்த்து 'போகாதே' என்று சொல்லிவிடலாம்.

தாலி கட்டின மனிதன் ஒரு டேபிள் ஃபேனின் சிபாரிசை நம்பி நின்றேன்.

குழாயடியிலிருந்து அவள் குடத்தோடு திரும்பும் சத்தம் கேட்டது. பின்பக்கம் போய், அழுக்கே இல்லாத காலை நெடுநேரம் கழுவினேன்.

"பத்தி ஆ கயா!" என்று, விளக்கு வந்துவிட்டதைக் கடைத்தெருப் பிள்ளைகள் கூவினார்கள்.

கப்பல்துறை விளக்குகள் எரிந்தன. பக்கத்து வீட்டு அய்யூப் பாயின் ரேடியோ பாட்டை நடுவிலிருந்து தொடங்கியது.

எங்கள் வீடு மட்டும் அசையவில்லை.

போயிற்று, பியூஸ். ஒற்றை ஃபேனைக்கூடத் தாங்கவில்லை.

மெழுகுவர்த்தியோடு முன்வாசலுக்குச் சுற்றிப் போய், பீங்கான் பியூஸைப் பிடுங்கிப் பார்த்தேன்.

கம்பி முழுசாக இருந்தது.

அப்படியானால் ஃபேனை அவள் அணைத்திருக்கிறாள். கரண்ட் வருவதற்கு முன்பே. அதன் காற்றுகூட வேண்டாம் போலிருக்கிறது.

ஜன்னல் வழியே பார்த்தேன்.

நீலாவதி அரிக்கன் விளக்கைப் பிடித்துக்கொண்டு ரேடியோ முன்னால் நின்றாள். நான் சாயங்காலம் தமிழ்ச் செய்தி கேட்கிற ரேடியோ. அவள் அதைத் தொட்டதேயில்லை. இப்போது, தூங்குகிற பிள்ளையை எழுப்புவதுபோல அதன் தலையில் மெதுவாகத் தட்டினாள். குனிந்து காதை வைத்துக் கேட்டாள். மறுபடியும் தட்டினாள். ரேடியோவைப் போட்டு வைத்தது யாரென்று இப்போது தெரிந்தது; அது எழுந்திருக்கட்டும் என்றுதான் ஃபேனை அணைத்திருக்கிறாள்.

நான் பியூஸைத் திரும்பச் சொருகவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அய்யூப் பாய் டார்ச்சோடு வேலியருகே வந்தார்.

"அரே, என்ன சாப்! ஊருக்கெல்லாம் பத்தி வந்திருச்சு, உங்க வீட்ல மட்டும் அமாவாசையா?"

"பியூஸ் போச்சு, பாய்."

"அவ்வளவுதானே? நம்மகிட்ட கம்பி இருக்கு. ஏக் மினிட், கட்டிடலாம்."

எப்படித் தடுப்பதென்று நான் யோசித்து முடிப்பதற்குள் பின்னால் கதவு திறந்தது. நீலாவதி படியில் வந்து நின்றாள். பீங்கானின் கனத்தில் தொங்கிப்போயிருந்த என் சட்டைப்பையை விளக்கைத் தூக்கி ஒரு தடவை பார்த்தாள்.

"அவசரமில்ல, பாய்" என்றாள். "நாளைக்குக் கப்பல் போகட்டும். அப்புறமா வந்து கட்டுங்க, நான் வீட்லதான் இருப்பேன்."