இரண்டாவது மீனுருண்டைப் பாக்கெட்

“ரெண்டை எடுத்துட்டு ஒண்ணைத்தான் மெஷின்ல காட்டியிருக்கீங்க, ஆன்ட்டி,” என்றார் சூப்பர்மார்க்கெட்டின் புது மேலாளர் டெஸ்மண்ட்.

வாடிக்கையாளர்களே பொருளைக் காட்டிப் பணம் கட்டும் இயந்திரத்தின் முன், மீனுருண்டைப் பாக்கெட்டுகளோடு நின்ற சியூ கெங் அதன் திரையைச் சுட்டினாள். “ஒரே மாதிரி ரெண்டு இருந்தா, ஒண்ணைக் காட்டிட்டு ரெண்டுன்னு தட்டுறது கைப்பழக்கம், தம்பி. இதுல அந்தப் பொத்தானே இல்லை.”

“திருடுற எல்லாருக்கும் அது கைப்பழக்கம்தான். இனி இந்தக் கடைப்பக்கமே வராதீங்க. ரஹ்மத், வாசல்ல ஒட்டணும், இவங்களைப் போட்டோ எடு.”

காவலாளி ரஹ்மத் கைப்பேசியைத் தொடவில்லை. “இவங்க போட்டோ நம்ம சுவத்துலயே இருக்கு, பாஸ்.”

டெஸ்மண்ட் நிமிர்ந்து பார்த்தார். இயந்திரங்களுக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் சியூ கெங் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே எழுதியிருந்தது: ‘இருபத்திரண்டு ஆண்டுகள், ஒரு காசும் பிசகாத நம் காசாளர்.’

“நல்லதாப் போச்சு,” என்றார் டெஸ்மண்ட். “அதையே கழட்டி ஒட்டு.”