முப்பத்தெட்டாவது நாள் ஷூட்டிங்

பஸ்ஸிலிருந்து இறங்கிய செக்கர் கிருஷ்ணப்பன் நேராகக் கேமராவைப் பார்த்து நடந்து வந்தார்.

அனுப்ரியா கேமராவை ஒட்டிப் போய் நின்றுகொண்டாள்.

ஹரிணி பரீட்சை அட்டையைக் கிளாப் போலத் தட்டியாகிவிட்டது. சொக்கன்மேட்டுப் பெண்கள் பதினாலு பேரும் பவுடர் முகத்தோடு பஸ் ஏறுகிற சீனுக்குத் தயாராக நின்றார்கள். தட்டின அட்டையோடு ஹரிணியும் அப்படியே நின்றாள்.

சொக்கன்மேட்டிலிருந்து சூளகிரி ஹைவேயில் கம்பெனி வேனைப் பிடிக்க ஆறு கிலோமீட்டர் இறங்க வேண்டும். நடுவில் காடு. காட்டில் யானை. விடிவதற்கு முன் ஒரு பஸ் ஊருக்கு வந்து போவதாக டிப்போ அட்டவணையில் எத்தனையோ வருஷமாக எழுதியிருந்தது. பஸ் என்னவோ மலையடிவாரத்திலேயே திரும்பிக்கொள்ளும்.

அதைத்தான் படம் பிடிக்க வந்தாள் அனுப்ரியா. இருட்டில் நடக்கும் பெண்கள், இருபது நிமிஷ டாகுமெண்டரி, போட்டுக் காட்ட வேண்டிய இடம் கலெக்டர் ஆபீஸ். எல்லாம் பக்காவாகத் திட்டம் போட்டவள் ஒரே ஒரு காரியம் செய்துவிட்டாள். மறுதரப்பையும் கேட்க வேண்டுமே என்று, படித்த படிப்புக்கு மரியாதையாக, ஒரு வாரம் முன்பே டிப்போவுக்குக் கடிதம் போட்டாள்.

முதல் நாள் கேமராவை ஆன் பண்ணிய நிமிஷம் ஹார்ன் அடித்துக்கொண்டு பஸ் வந்து நின்றது.

கழுவித் துடைத்து, மாலை போட்டு.

படத்துக்கு அவள் வைத்திருந்த பெயர் 'வராத பஸ்'. எந்தப் பக்கம் திருப்பினாலும் கேமராவுக்குள் பஸ். அன்றைக்கு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தக் கம்பெனியில் பதினோரு வருஷம் பொட்டலம் கட்டிய சாந்தம்மாவுக்குத்தான் விஷயம் முதலில் பிடிபட்டது. "படம் முடிஞ்சா பஸ்ஸும் முடிஞ்சிரும் பாப்பா. நீ முடிக்காத."

முடிக்கவில்லை. இன்று முப்பத்தெட்டாவது நாள்.

யானைக்குப் பயந்து வேலையை விட்ட ஹரிணியும் இன்னும் இரண்டு பேரும் திரும்பச் சேர்ந்துவிட்டார்கள். டிரைவர் முனிராஜ் கூலிங் கிளாஸ் வாங்கிவிட்டார், சூரியன் வருவதற்கு முன்னாலேயே மாட்டிக்கொள்வார். டாகுமெண்டரியில் 'ஆக்‌ஷன்' சொல்கிற வழக்கமே கிடையாது. இங்கே அனுப்ரியா அதைச் சொல்லாமல் முனிராஜ் வண்டியை எடுக்க மாட்டார்.

அவளோடு படம் எடுக்க வந்த உமைர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, சவுண்ட் பார்க்கிற முகத்தோடு பக்கத்திலேயே நிற்பான். அதன் வயர் அவன் சட்டைப் பாக்கெட்டுக்குள் போய் அங்கேயே நின்றுவிடும்.

கேமரா மட்டும் எப்போதும் ஸ்டாண்டின் மேல் கறுப்புத் துணிக்குள். முன்னால் வட்டக் கண்ணாடி மட்டும் எட்டிப் பார்க்கும். பனி ஏறிவிடுமாம், யாரும் கிட்டே வரக் கூடாதாம்.

கிட்டே வந்துவிட்டார் செக்கர்.

இன்றைக்கு பஸ் இருபது நிமிஷம் லேட். வழியில் ஒற்றை யானை ரோட்டை விட்டு நகரவில்லையாம். இந்தக் குளிரிலும் அவருடைய காக்கிச் சட்டை முதுகில் ஒட்டிக் கிடந்தது.

"ஏம்மா, இது என்னைக்குத்தான் முடியும்? பாத்துட்டு வரச் சொல்லி மேனேஜர் அனுப்பிச்சாரு. முடிஞ்சுதுன்னா நாளைக்கே இந்த டிரிப்ப நிறுத்தணுமாம்."

கேட்டுக்கொண்டே துணியைத் தூக்கிவிட்டார்.

உமைர் கண்ணை மூடிக்கொண்டான்.

வாடகைக்கு எடுத்த கேமரா ஆறாவது நாளே பெங்களூருக்குத் திரும்பிப் போய்விட்டது. ஸ்டாண்டின் மேல் கயிறு போட்டுக் கட்டியிருந்தது சாந்தம்மா வீட்டு டிபன் கேரியர். படுக்கவைத்து, முனையில் பழைய டார்ச் லைட்டின் கண்ணாடியை ஒட்டியிருந்தார்கள். உள்ளே உமைரின் காலைச் சாப்பாடு. சித்ரான்னத்தின் வாசம் குப்பென்று எழுந்தது.

செக்கர் டிபன் கேரியரைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். பிறகு, வந்த ரோட்டைத் திரும்பிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

கேரியரின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"கேமரா சூடா இருக்குதும்மா. ரொம்ப வேலை செஞ்சிருக்கும் போல."

துணியை இறக்கினார். காற்றில் தூக்காதபடி அடியில் இரண்டு முடிச்சு போட்டார். உமைர் ஒரு நாளும் அவ்வளவு ஒழுங்காகக் கட்டியதில்லை.

பிறகு டிரைவர் பக்கம் திரும்பி, மலைக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"முனிராஜு! இன்னும் பாதிகூட முடியலப்பா. மழக்காலத்துல வேற எடுக்கணுமாம்!"

சாந்தம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பஸ் ஏறினார்கள். கடைசியாக ஏறிய செக்கர் படிக்கட்டில் நின்றார். பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார். டார்ச் லைட் கண்ணாடியைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார்.

அனுப்ரியா ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு வயிற்றை முட்டியது, கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"ஆக்‌ஷன் சொல்லும்மா," என்றார் செக்கர், முகத்தை அசைக்காமல். "பொண்ணுங்களுக்கு லேட்டாவுது."